சீவலப்பேரியிலிருந்து ஒரு வகைமை வரலாறு: சுடலைமாடன் கதை, ‘காஞ்சனை’, ‘சீவலப்பேரி பாண்டி’

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் பேய்க்கதை, மர்மக்கதை, கொள்ளையர் கதை ஆகியவை மக்களால் பெரிதும் நுகரப்பட்டும் ஆய்வுலகில் உரிய இடம் பெறாத வகைமைகளாக உள்ளன. அவற்றைப் புறந்தள்ளுவதற்குக் கூறப்படும் முதன்மைக் காரணம் ‘ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை’ என்பதாகும். இக்கட்டுரை தாமிரபரணிக் கரையிலுள்ள சீவலப்பேரியை மையமாகக் கொண்டு அக்காரணத்தை மறுபரிசீலனை செய்கிறது. முக்கூடற்பள்ளு, சுடலைமாடன் கதை, புதுமைப்பித்தனின் பேய்க்கதைகள், 1994இல் வெளிவந்த ‘சீவலப்பேரி பாண்டி’ திரைப்படம் ஆகியவை ஒரே ஆற்றுவெளியின் வகைமைப் படைப்புகளாக வைத்து நோக்கப்படுகின்றன. கதைப்பாடல் ஆய்வு உருவாக்கிய கருவிகளே வகைமைத் திரைப்படத்தையும் திகில் நாவலையும் மதிப்பிடப் போதுமானவை என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: வகைமை, கதைப்பாடல், வில்லுப்பாட்டு, திகில் நாவல், கொள்ளையர் படம், ஆவணக்காப்பு

முன்னுரை

பாளையங்கோட்டைக்கு வடகிழக்கே, சிற்றாறு தாமிரபரணியோடு கலக்குமிடத்தில் அமைந்த ஊர் சீவலப்பேரி. பாண்டியன் சீவல்லபன் பெயரால் அமைந்த பேரேரியே ஊர்ப்பெயருக்கு மூலம் என்பர். முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் இவ்வூரையும் இதன் சுற்றுப்புறத்தையுமே குறிக்கும். ஆற்றின் மேற்பகுதியில் இன்று முக்கூடல் என வழங்கும் ஊர் வேறு. தமிழ் இலக்கிய மாணவருக்கு இவ்வூர் அழகர் கோயிலாலும் பள்ளு நூலாலும் அறிமுகமாகிறது. நெல்லை வட்டார மக்களுக்குச் சுடலைமாடன் கோயிலால் அறிமுகமாகிறது. திரைப்பட இரசிகருக்கு அறிமுகமாவது நெப்போலியன் நடித்த ஒரு படத்தின் பெயரால்.

இம்மூன்று அறிமுகங்களுள் முதலாவது பாடத்திட்டத்தில் உள்ளது. இரண்டாவது நாட்டார் வழக்காற்றியல் துறையினரால் ஏற்கப்பட்டது. மூன்றாவது எந்தத் துறையினராலும் போதிய அளவு பேசப்படவில்லை. ஓர் ஊரின் மூன்று கதைகளுக்கு மூன்று வேறு தகுதிகள் எவ்வாறு அமைந்தன என்பதே இக்கட்டுரையின் வினா. அவ்வினாவுக்கு விடை காண முயல்கையில், தமிழில் பேய்க்கதையும் பேய்ப்படமும் பெற்ற வரவேற்பின் வரலாற்றையும் உடன்வைத்துக் காண வேண்டியுள்ளது.

பள்ளு: வகைமையாக இருந்த செவ்விலக்கியம்

பதினேழாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் முக்கூடற்பள்ளு, இன்று சிற்றிலக்கியங்களுள் தலைசிறந்தவற்றில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. ஆயினும் அதன் கட்டமைப்பு முழுவதும் முன்வரையறுக்கப்பட்டது. குடும்பனுக்கு மனைவியர் இருவர், அவ்விருவருக்கும் பூசல், மழைக்குறி, ஆற்றுவரவு, மீன்வகை, நெல்வகை, மாட்டுவகை ஆகியவற்றின் அடுக்கு, பண்ணைக்காரனின் நகைச்சுவைத் தோற்றம், குடும்பன் தொழுவில் மாட்டப்படுதல், மீட்சி, நடவு, அறுவடை. பள்ளு நூல்கள் பலவும் பெரும்பாலும் இவ்வரிசையைப் பின்பற்றுவனவே. முக்கூடற்பள்ளின் சிறப்பு புதிய கதை கூறியதில் இல்லை. மூத்தவளை முக்கூடலுக்கும் இளையவளை மருதூருக்கும் உரியவளாக்கி, அவர்தம் பூசலைத் திருமால், சிவன் என்னும் இரு தெய்வங்களின் பெயரால் நிகழ்த்தியதும், வட்டார வழக்கின் ஓசையை யாப்புக்குள் கொணர்ந்ததுமே அதன் சிறப்பு.

எனவே ‘ஒரே அச்சு’ என்பது குறையெனின், அக்குறை பள்ளுக்கும் உலாவுக்கும் தூதுக்கும் பொருந்த வேண்டும். பாட்டியல் நூல்கள் செய்ததே வகைமை இலக்கணம் வகுத்தல்தான். தமிழ் மரபு வகைமையை இழிவாகக் கருதியதில்லை. வகைமைக்குள் நின்று வேறுபடுவதையே புலமையாக மதித்தது. மு. அருணாசலம் போன்றோரின் பதிப்பு முயற்சிகளால் பள்ளு நூல் கற்றோர் கைக்கு வந்த பின்னரே அதன் நயம் விரிவாகப் பேசப்பட்டது. பதிப்பும் உரையும் கிடைத்த வகைமை இலக்கியமாயிற்று. அவை கிடைக்காத வகைமை ‘பொழுதுபோக்கு’ என நின்றது. இவ்வேறுபாடு படைப்பின் இயல்பால் மட்டும் விளைந்ததன்று. ஆய்வாளர் கைபட்டதா என்பதாலும் விளைந்தது.

சுடலைமாடன் கதை: அச்சத்தின் நிகழ்த்துகலை

சுடலைமாடன் கதை தென்பாண்டி நாட்டில் வில்லுப்பாட்டாகவும் கணியான் கூத்தாகவும் நிகழ்த்தப்படுவது. கயிலையில் பார்வதி ஏந்திய விளக்கின் சுடரிலிருந்து பிறக்கும் பிள்ளை, இரவில் சுடுகாடு சென்று பிணம் தின்று வருவதால் கயிலையிலிருந்து விலக்கப்பட்டுப் பூமிக்கு அனுப்பப்படுகிறது. பின்னர் மலையாள நாட்டின் மந்திரவாதியான காளிப்புலையனோடு பகைத்து, அவன் மகள் மாவிசக்கியைப் பலியாகக் கொண்டு, அவன் குடியை அழிக்கிறது. பிணம் தின்னும் குழந்தை, காவல் காக்கப்படும் புதையல், செய்வினை, மந்திரவாதியின் வீழ்ச்சி என இன்றைய திகில் நாவலின் உறுப்புகள் பலவும் இதில் உள்ளன.

இக்கதையைக் கேட்போர் அனைவரும் கதையை முன்பே அறிந்தவர்கள். அடுத்து நிகழ்வது என்ன என்னும் ஆவலால் அவர்கள் நள்ளிரவுவரை அமர்வதில்லை. மகுடத்தின் அடி விரைவதும், சாமியாடி அருள் கொள்வதும், அவர் வேட்டைக்குச் சுடுகாட்டை நோக்கி ஓடுவதும் எப்போது நிகழும் என்று காத்திருக்கிறார்கள். வில்லுப்பாட்டை விரிவாக ஆராய்ந்து 1988இல் நூல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், அக்கதைகளைத் தெய்வப் பிறப்பைக் கூறுவன, வன்சாவைக் கூறுவன என இருவகைப்படுத்தினார். நிகழ்த்துதலின் உச்சமும் அருள் வெளிப்பாடும் கதையின் மையச் செயலோடு இணைவதையும் எடுத்துக்காட்டினார். அச்சம் இங்குப் புதுமையால் விளைவதன்று, அறிந்த ஒன்று குறித்த வேளையில் தவறாமல் வந்து சேர்வதால் விளைவது. திகில் படத்தின் இரசிகர் இருட்டறையின் கதவு திறக்கும் கணத்துக்குக் காத்திருப்பதும் இவ்வகைக் காத்திருப்பே.

இக்கதைகளைக் கல்விப்புலத்துக்குள் கொணர்ந்தவர்களுள் நா. வானமாமலை (1917–1980) முதன்மையானவர். நாங்குநேரியைச் சார்ந்த அவர், நெல்லை ஆய்வுக் குழுவையும் ‘ஆராய்ச்சி’ இதழையும் நடத்தி, முத்துப்பட்டன் கதை உள்ளிட்ட கதைப்பாடல்களைப் பதிப்பித்தார். அதுவரை மலிவுவிலைக் குஜிலிப் பதிப்புகளாகவும் ஏடுகளாகவும் வாய்மொழியாகவும் மட்டுமே கிடந்தவற்றைச் சமூக வரலாற்றுச் சான்றாக அவர் வாசித்தார். கதைப்பாடலில் திரும்பத் திரும்ப வரும் தொடர்களை அவர் குறையாகக் கொள்ளவில்லை. வாய்மொழி ஆக்கத்தின் இயல்பாகக் கண்டார். எந்தச் சாதியின் பார்வையில் கதை கூறப்படுகிறது, எவ்விடத்தில் மாற்றி எழுதப்படுகிறது என்னும் வினாக்களை அவர் முன்வைத்தார். தாழ்த்தப்பட்ட குடிப் பெண்களை மணந்த பிராமணனான முத்துப்பட்டனின் கதை பிற்காலத்தில் எவ்வாறு திருத்தப்பட்டது என்பதைச் சுட்டியது அம்முறையின் பயனாகும்.

புதுமைப்பித்தன்: தீர்ப்பு வழங்காத அச்சம்

நெல்லை மண்ணின் எழுத்தாளரான புதுமைப்பித்தன் (1906–1948) தமிழ் நவீன இலக்கியத்தின் தலையாய பெயர்களுள் ஒன்று. அவர் பேய்க்கதை எழுதினார் என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் அக்கதைகளைப் ‘பேய்க்கதை’ என்னும் வகைமைக்குள் வைத்து மதிப்பிடுவோர் குறைவு. ‘காஞ்சனை’ (1943) பெரும்பாலும் உளவியல் கதையாகவோ குறியீட்டுக் கதையாகவோ விளக்கப்படுகிறது. ‘செவ்வாய் தோஷம்’ குருதி குடிக்கும் பிரேதம் பற்றிய அச்சத்தை ஒரு சிற்றூரின் நடுவில் நிறுத்துவது. ‘பிரம்ம ராட்சஸ்’ தலைப்பிலேயே தன் வகையை அறிவிப்பது. மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலை அவர் ‘பிரேத மனிதன்’ என்னும் பெயரில் தமிழில் தந்தார். இவற்றை ஒருங்கு வைத்தால், ஐரோப்பியத் திகில் இலக்கியத்தையும் நெல்லையின் நாட்டார் நம்பிக்கையையும் அறிந்தே கலந்த ஒருவரைக் காண்கிறோம்.

‘காஞ்சனை’யில் வீட்டுக்கு வேலைக்காரியாக வரும் பெண் பேயா, கதைசொல்லியின் மனமயக்கமா என்னும் வினாவுக்கு விடை தரப்படுவதில்லை. இயற்கை விளக்கத்துக்கும் இயற்கை கடந்த விளக்கத்துக்கும் இடையே வாசகர் கொள்ளும் தயக்கமே அதிபுனைவின் இயல்பு என்று 1970இல் ஸ்வெதான் டோடரோவ் வரையறுத்தார். அவ்வரையறைக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அதற்கு நிறைவான எடுத்துக்காட்டாக நிற்கத்தக்க கதை தமிழில் எழுதப்பட்டிருந்தது. அச்சிறப்பு புலப்பட வேண்டுமெனில் கதையை அதன் வகைமைக்குள் வைத்தே வாசிக்க வேண்டும். பிணவாடையும் நள்ளிரவு விழிப்பும் சுடுகாட்டுச் சாம்பலும் சுடலைக் கதை கேட்டு வளர்ந்த நெல்லை வாசகருக்கு முன்பே பொருள் ஏறிய அடையாளங்கள். அவ்வடையாளங்களை முழுமையாகப் பயன்படுத்திவிட்டு இறுதித் தீர்ப்பை மட்டும் மறுப்பதில்தான் புதுமைப்பித்தனின் கலை உள்ளது. வகைமையை நீக்கிவிட்டு உளவியலை மட்டும் எடுத்துக்கொண்டால் கதையின் பாதி இழக்கப்படுகிறது.

திரையில் பேய்: விளக்கப்பட்டதும் விளக்கப்படாததும்

புதுமைப்பித்தன் தம் இறுதி ஆண்டுகளைத் திரைத்துறையில் கழித்தார். ஆனால் அவருடைய பேய்க்கதைகளின் தயக்கம் உடனடியாகத் திரைக்கு வரவில்லை. கே. ராம்நாத் இயக்கிய ‘மர்மயோகி’ (1951) தமிழில் முதன்முதலாக வயது வந்தோருக்கு மட்டும் என்னும் ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படம். பேய்க் காட்சிகளே அதற்குக் காரணம். அப்படத்தின் பேயோ உண்மைப் பேயன்று. உயிரோடிருக்கும் அரசரின் வேடம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் ஆன் ராட்கிளிஃப் கையாண்ட ‘விளக்கப்பட்ட அமானுடம்’ என்னும் உத்தியே இங்கும் செயற்படுகிறது.

இவ்வுத்தி தமிழ்த் திரையில் நெடுங்காலம் நீடித்தது. ‘அதே கண்கள்’ (1967), ‘துணிவே துணை’ (1976) முதலியவற்றில் பேயென அஞ்சப்பட்டது மனிதச் சூழ்ச்சியாக முடிகிறது. எஸ். பாலசந்தரின் ‘நடு இரவில்’ (1970) பேயின்றியே ஒரு மாளிகையை அச்சத்தால் நிரப்பியது. மற்றொரு புறம் ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ (1963) மறுபிறப்பையும், துரையின் ‘ஆயிரம் ஜென்மங்கள்’ (1978) ஆவி புகுதலையும் விளக்கமின்றியே ஏற்றன. ‘பதிமூனாம் நம்பர் வீடு’ (1990), ஜி. எம். குமாரின் ‘உருவம்’ (1991) ஆகியவை இரண்டாம் போக்கைக் கடுமையாக்கின. ‘உருவம்’ ஒரு குடும்பத்தைச் செய்வினை படிப்படியாக அழிப்பதை நகைச்சுவை இடையீட்டால் தணிக்காமல் கூறுகிறது. செய்வினையால் குடி அழிதல் என்னும் அதன் கரு காளிப்புலையன் கதையின் மந்திர உலகத்துக்கு அண்மையில் உள்ளது. ஆயினும் தமிழ்த் திரைப்பட வரலாற்று நூல்களில் இத்தகைய படங்கள் ஓரிரு வரிகளைக் கடந்து பேசப்படுவது அரிது.

‘விளக்கப்பட்ட’, ‘விளக்கப்படாத’ என்னும் இப்பிரிவு திகில் நாவலுக்கும் பொருந்தும். சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ ஆவித் தோற்றத்துக்கு அறிவியல் விளக்கம் தேடும் கணேஷையும் வசந்தையும் எதிரெதிர் நிறுத்துகிறது. இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விட்டு விடு கருப்பா’ காவல் தெய்வம் தண்டிக்கிறது என்னும் ஊரார் நம்பிக்கையை மையமாகக் கொண்டது. 1990களில் நாகா இயக்கத்தில் ‘மர்மதேசம்’ வரிசையின் ‘விடாது கருப்பு’ தொடராக அது வீடுதோறும் சென்றடைந்தது. உளப்பிளவு என்னும் விளக்கத்தைத் தந்த பின்னும் அத்தொடர் தெய்வத்தை முற்றிலும் நீக்கிவிடவில்லை. ‘பீட்சா’ (2012) முதலான பிற்காலப் படங்கள் இவ்விருமையையே கதையின் விளையாட்டாக்கின. ஆக, ‘காஞ்சனை’யின் தயக்கம் இடையறாமல் தொடர்ந்துள்ளது. அது தொடர்ந்த இடம் பெரும்பாலும் சிறுபத்திரிகைக்கு வெளியே, மாத நாவல்களிலும் வாரத் தொடர்களிலும் தொலைக்காட்சியிலும் ஆகும். இத்தொடர்ச்சியை இலக்கிய வரலாறு பதிவு செய்யாமைக்குக் காரணம் அது நிகழ்ந்த ஊடகமே.

‘சீவலப்பேரி பாண்டி’: வன்சாவுக் கதையின் திரைவடிவம்

பத்திரிகையாளர் சௌபா ‘ஜூனியர் விகடன்’ இதழில் எழுதிய தொடரை அடிப்படையாகக் கொண்டு, பிரதாப் போத்தன் இயக்கத்தில் 1994இல் ‘சீவலப்பேரி பாண்டி’ வெளிவந்தது. ஆதித்யன் இசையமைத்தார். ஊர்ப் பெரியவர்களின் தூண்டுதலால் கொலை செய்து, அவர்களாலேயே கைவிடப்பட்டு, சிறை சென்று தப்பி, பழிதீர்த்து, இறுதியில் வீழ்த்தப்படும் ஒருவனின் கதை அது. ‘மலையூர் மம்பட்டியான்’ (1983), ‘கரிமேடு கருவாயன்’ (1986) ஆகியவற்றின் வரிசையில் வைத்து, ‘இன்னுமொரு கொள்ளையர் படம்’ என எளிதில் ஒதுக்கிவிடலாம்.

ஆனால் கதைப்பாடல் ஆய்வின் கருவிகளோடு நோக்கினால் வேறொன்று தெரிகிறது. 1959இலும் 1969இலும் எரிக் ஹாப்ஸ்பாம் முன்வைத்த ‘சமூகக் கொள்ளையர்’ கருத்தாக்கத்தில், அநீதிக்கு ஆளாகி வெளியேறும் உழவர் குடியினன் ஊரின் பாதுகாப்பைப் பெறுகிறான். சீவலப்பேரிக் கதையில் அநீதி இழைப்போர் தொலைவிலுள்ள அரசு மட்டுமன்று. அவனைக் கருவியாக்கிய ஊர்ப் பெரியவர்களே. வன்முறையை ஏவும் கை ஒன்று, தண்டனை ஏற்கும் உடல் வேறொன்று. பள்ளில் குடும்பனைத் தொழுவில் மாட்டும் பண்ணை அதிகாரமும், இப்படத்தில் ஊருக்காகக் கொலை செய்தவனைச் சிறையில் கைவிடும் அதிகாரமும் ஒன்றல்ல. ஆயினும் உழைக்கும் உடலின் மீது ஊர்த் தலைமை செலுத்தும் ஆளுகையை ஒரே ஆற்றுவெளியில் இரு வகைமைகள் இருவேறு காலத்தில் பதிந்துள்ளன. ஒன்று நகைச்சுவையாகவும் மற்றொன்று பழிக்கதையாகவும் அதைச் சொல்கிறது.

வன்சாவுக் கதைப்பாடலில் அநியாயமாகக் கொல்லப்பட்டவன் தெய்வமாகிறான். முத்துப்பட்டன் சொரிமுத்து அய்யனார் கோயில் வளாகத்தில் பட்டவராயனாக வழிபடப்படுகிறான். திரைப்படம் தன் நாயகனுக்கு அந்நிலையை அளிக்கவில்லை. தெய்வமாக்கல் இல்லாத இடத்தை நிரப்புவது பத்திரிகைத் தொடரின் ஆவணத்தன்மை. ‘உண்மைக் கதை’ என்னும் அறிவிப்பு, வில்லுப்பாட்டில் காப்புப் பாடல் செய்யும் பணியை, அதாவது கேட்போரைக் கதைக்குக் கட்டுப்படுத்தும் பணியைச் செய்கிறது. நகர்சார் காதல் கதைகளாலும் குற்றப் படங்களாலும் அறியப்பட்ட ஓர் இயக்குநர், நெல்லை நாட்டுப்புறக் கதையொன்றைக் கையாண்டார் என்பதும் ஆய்வுக்குரியது. அதே 1994இல் சேகர் கபூரின் ‘பண்டிட் குயின்’ கான் விழாவில் திரையிடப்பட்டு உலகெங்கும் விவாதிக்கப்பட்டது. வாழ்ந்தவர்களின் வன்முறை வரலாற்றைத் திரையாக்குவதன் அறம் அப்படத்தை முன்னிட்டு நீதிமன்றம்வரை சென்றது. அவ்வினா தமிழ்ப் படத்துக்கும் உரியதே. ஒரு மனிதரின் வாழ்வும் அவரால் பாதிக்கப்பட்டோரின் வாழ்வும் வாரத் தொடராகவும் பின் படமாகவும் மாறும்போது எவை விடுபடுகின்றன என்பதைத் தமிழாய்வு இன்னும் விரிவாகக் கேட்கவில்லை.

மதிப்பீடும் எச்சரிக்கையும்

வகைமைப் படைப்பை மதித்தல் என்பது அதன் குறைகளை மன்னித்தலன்று. சுடலைக் கதையில் தீய மந்திரவாதி ஒடுக்கப்பட்ட குடியினனாகவே அமைக்கப்படுகிறான். அவன் மகள் மீது நிகழ்த்தப்படும் வன்முறை தெய்வச் செயலாக நியாயப்படுத்தப்படுகிறது. நீலி, இசக்கி கதைகளில் அநீதிக்கு ஆளான பெண்ணே பேயாகி அஞ்சத்தக்கவளாகிறாள். தமிழ்ப் பேய்ப்படங்கள் பெரும்பாலும் இம்மரபையே தொடர்கின்றன. கொள்ளையர் படம் ஆண்மையின் வன்முறையை இசையோடு கொண்டாடுகிறது. இக்குறைகள் ஓரிரு நூல்களுக்கு உரியவையல்ல. வகைமையின் கட்டமைப்பிலேயே உள்ளவை. எனவே அவற்றை அறியவும் வகைமையை முழுமையாக வாசித்தாக வேண்டும். கருதத் தகுதியற்றது என ஒதுக்குவோர் அதன் கருத்தியலை விமர்சிக்கும் வாய்ப்பையும் இழக்கின்றனர்.

இவ்வாசிப்புக்கு மூலங்கள் எஞ்ச வேண்டும். நூல்களை ஒப்படைக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னைக் கன்னிமாரா நூலகம் வெளியீடுகளைப் பெறும் நூலகங்களுள் ஒன்று. 1994இல் நிறுவப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஒரு தனிமனிதரின் சேகரிப்பால் உருவானது. குஜிலி நூல்களும் திரைப்படப் பாட்டுப் புத்தகங்களும் அங்கு எஞ்சியதற்குக் காரணம், எது இலக்கியம் என்று அவர் முன்முடிவு செய்யாமையே. தரங்குறைந்த தாளில் அச்சிடப்பட்ட மாத நாவல்களும் தொடர் வெளியான வார இதழ்ப் பக்கங்களும் இன்று அதே நிலையில் உள்ளன. தொடரின் பக்க அமைப்பு, ஓவியம், வாசகர் கடிதம் ஆகியவை நூலாக்கத்தில் நீங்கிவிடும். படச்சுருள் சிதைந்த பின் எஞ்சுவது வெட்டப்பட்ட தொலைக்காட்சிப் படியே.

முடிவுரை

சீவலப்பேரியின் மூன்று கதைகளும் வகைமைப் படைப்புகளே. பள்ளு பதிப்பாலும் உரையாலும் இலக்கியமாயிற்று. சுடலைமாடன் கதை நா. வானமாமலையும் அவருக்குப் பின் வந்தோரும் வகுத்த ஆய்வுமுறையால் சமூகச் சான்றாயிற்று. மூன்றாம் கதையான தொடரும் படமும் அத்தகைய கவனத்துக்காகக் காத்துள்ளன. அதற்குப் புதிய கோட்பாடு எதுவும் தேவைப்படவில்லை. வாய்பாடு, வேறுபாடம், நிகழ்த்தும் சூழல், கேட்போர், கூறுபவரின் சமூக நிலை ஆகிய ஐந்தும் கதைப்பாடல் ஆய்வில் பழகிய கருவிகள். இவற்றைக் கொண்டு ஒரு திகில் நாவலையும் அதன் தொலைக்காட்சி வடிவத்தையும் ஒப்பிடலாம். ஒரு வாரத் தொடரையும் அதன் திரைவடிவத்தையும் வேறுபாடங்களாக வாசிக்கலாம். நெல்லை மாவட்டத் திரையரங்குகளின் பார்வையாளர் நினைவுகளைத் தொகுக்கலாம். இறுதியாகக் கூறிய பணி மிக விரைந்து செய்யப்பட வேண்டியது. அத்திரையரங்குகளில் ‘உருவம்’ படத்தையும் ‘சீவலப்பேரி பாண்டி’யையும் இளமையில் கண்டவர்கள் இன்று ஐம்பது வயதைக் கடந்துள்ளனர். வில்லுப்பாட்டு அண்ணாவிகளிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு சென்ற ஆய்வாளர் தலைமுறையைப் போல, இவர்களிடமும் செல்ல இன்னும் காலம் உள்ளது.